விசில் அடித்த இடம்

தலத்தெருவில் சின்னம்மா வீட்டு எதிர்ச் சுவரில் ஒரு வெள்ளிக்கிழமை காலை அந்தச் சினிமாச் சுவரொட்டியை ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள். பசை காயவில்லை. ஈரச் சேலையில் ஒரு பெண் கம்பியைப் பிடித்து நின்றாள். பெண்கள் சிறைக்குள் நடப்பது என்ன என்று சிவப்பு எழுத்தில் கேட்டிருந்தது. தேதிகளை விடாமல் குறித்து வைப்பவன் நான். இதன் ஆண்டை மட்டும் எழுதப்போவதில்லை. எழுதினால் சின்னம்மா யாரென்று ஊரில் சிலருக்குத் தெரிந்துவிடும்.

சின்னம்மா மீன் விற்றவர். சித்தப்பா கடலில் இறந்த பிறகு, கூடையில் மீனுக்கு அடியில் எங்கள் ஊரில் மலிவாகக் கிடைக்கும் சாராயப் பாட்டில்களை வைத்து மாநில எல்லை தாண்டி நாகைப் பக்கம் கொண்டுபோனார். சோதனைச் சாவடியில் பிடிபட்டுச் சில மாதம் சிறையில் இருந்தார். திரும்பி வந்தபோது யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பாட்டிலோடு பிடிபடுவது எங்கள் பக்கத்தில் அதிசயமில்லை. எல்லாம் தெரிந்தே பக்கத்து மீனவ ஊரில் அவர் மகளை நிச்சயம் செய்தார்கள்.

அந்த மொழிமாற்றுப் படம் வந்ததும் ஊரின் கண் மாறியது. மீன் வாங்க வந்தவர்கள் கூடையைப் பார்க்காமல் அவரைப் பார்த்தார்கள். "வஞ்சிரம் கெடக்கட்டும், உள்ள குளிக்கிற எடத்துக்குக் கதவு உண்டா இல்லியா?" என்று ஒருவர் கேட்க, சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மாப்பிள்ளை வீட்டு ஆண்களும் படம் பார்த்தார்கள். பிறகு மாப்பிள்ளையின் தாயார் வந்தார். "எங்களுக்கு ஒண்ணுமில்லீங்க சம்மந்தி, ஊரு வாய மூட முடியலியே" என்றவர், நிச்சயப் புடவையைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

மறுநாள் சின்னம்மா என்னைக் கூப்பிட்டார். "எதப் பாத்துட்டு எம்பொண்ண வேணாங்கிறாங்கன்னு நானும் பாக்கணும். வா தம்பி."

பகல் காட்சிக்குப் போனோம். அரங்கில் வேறு பெண்கள் இல்லை. திரையில் கைதிகள் குளித்துக்கொண்டே இருந்தார்கள். சின்னம்மா தலைகுனியாமல் பார்த்தார். ஓரிடத்தில் இரவில் காவலாளி ஒருவன் கைதி ஒருத்தியின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறான். மற்றவர்கள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறார்கள். அரங்கம் விசிலடித்தது. சின்னம்மா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டார்.

வீடு நெருங்கும்போதுதான் பேசினார். "ஒரு சொம்புத் தண்ணிக்கு அடிச்சுக்குவோம், இவளுவ குளிச்சுக்கிட்டே இருக்காளுவ. பூராவும் பொய்யி. பேரச் சொல்லிக் கூப்புடயில நாங்க செவுத்துப் பக்கம் திரும்பிக்கிட்டோம் பாரு, அது ஒண்ணுதான் நெசம். அங்கதான் விசிலடிக்கிறானுவ."

இவ்வகைப் படங்கள் பல நாடுகளில் எடுக்கப்பட்டவை என்று பின்னாளில் படித்தேன். கொடுமையைக் கண்டிப்பதாகச் சொல்லிக்கொண்டே அதை டிக்கெட் போட்டு விற்பதுதான் அவற்றின் தொழில்.

மகளுக்கு வெகுதூரத்தில் இரண்டாம் தாரமாகத்தான் அமைந்தது. சின்னம்மா இப்போது இல்லை. படம் இருக்கிறது. சென்ற மாதம் கைபேசியில் கண்ணில் பட்டது. முகப்பில் அதே ஈரச் சேலை, அதே கம்பி. படத்துக்குக் கீழே ஓடும் கோட்டில் விரலை வைத்தால், ஜனங்கள் திரும்பத் திரும்பப் பார்த்த இடங்கள் மேடாகத் தெரிகின்றன. குளியல் வரும் இடங்களில் சிறு மேடுகள். பெயர் சொல்லிக் கூப்பிடும் இடத்தில்தான் எல்லாவற்றிலும் உயரமான மேடு.