நான்கு மருந்து நோட்டுகள்

இந்த மாதத்தில் தொகுஜி விழுந்தது மூன்றாவது முறை. இந்த முறை எங்கள் மருந்துக்கடை வாசலிலேயே. முப்பத்தெட்டு வருடம் மலைப்பாதையில் ரயில் ஓட்டிய மனிதர்! எழுபத்தொன்பது வயதில் இரண்டு படி ஏற முடியவில்லை.

அவரைத் தூக்கும்போது பையிலிருந்து மருந்து நோட்டுகள் சரிந்தன. கடையில் கொடுக்கும் மருந்து விவரத்தை ஒட்டி வைக்கிற நோட்டு. ஒருவருக்கு ஒன்றுதான் இருக்க வேண்டும். இவரிடம் நான்கு. முழங்காலுக்கு, இதயத்துக்கு, வயிற்றுக்கு, தூக்கத்துக்கு.

"எதுக்கு இத்தனை?" என்றேன்.

"ஒரு டாக்டர் எழுதினதை இன்னொருத்தர்கிட்ட நீட்டினா, உங்களை நம்பலைன்னு மூஞ்சிக்கு நேரா சொன்ன மாதிரி ஆயிடாதா?"

எங்கள் மருந்தாளர் நகாஜோ நான்கையும் விரித்து எண்ணினார். ஒரு நாளைக்கு இருபத்திரண்டு மாத்திரை. முழங்கால் டாக்டரும் தூக்க டாக்டரும் தலைசுற்றல் தரக்கூடிய ஒரே மருந்தை வேறு வேறு பெயரில் எழுதியிருந்தார்கள்.

"குசுரிஸுகே" என்றார் நகாஜோ, மெதுவாக.

மருந்தில் ஊறப்போட்டது என்று அர்த்தம். முதியவர்களுக்கு வைத்தியம் இலவசமாக இருந்த காலத்தில், மருந்து விற்றே மருத்துவமனைகள் வருமானம் பார்த்தபோது பரவிய சொல் என்பார்கள். ஊறுகாய்ப் பானையிலிருந்து வந்த சொல். அதைக் கேட்டதும், கூட வந்திருந்த தொகுஜியின் மனைவி கினுயோ வெடித்தார்.

"நான் ஊறுகாய்க்கு உப்புத் தவிட்டுல கத்திரிக்காயைப் புதைக்கறேன். ஒரு நாள் கூடுதலா கிடந்தாலே உப்புக் கரிக்குது. இவர் எத்தனை வருஷமா ஊறிக் கிடக்கறார்!"

"என்னைக் கத்திரிக்காய்ங்கறியா?"

"கத்திரிக்காயையாவது எப்ப வெளிய எடுக்கணும்னு பாத்துக்க நான் இருக்கேனே!"

நகாஜோ சிரிக்கவில்லை. எல்லாவற்றையும் ஒரே நோட்டில் ஒட்டிக் கொடுத்தார். "அடுத்து விழுந்தா இடுப்பெலும்பு போயிடும், ஐயா. அப்புறம் படுக்கைதான். நீங்களா எதையும் நிறுத்திடாதீங்க. நாளைக்கே தூக்க டாக்டர்கிட்ட இதைக் காட்டுங்க."

மறுநாள் நான்தான் தொகுஜியையும் கினுயோவையும் காரில் அழைத்துப் போனேன். "கூட வராதே, டாக்டருக்குச் சங்கடம்" என்று கினுயோவை வெளியே உட்காரவைத்துவிட்டு அவர் தனியாக உள்ளே போனார். கினுயோ கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். நாலே நிமிடத்தில் தொகுஜி வெளியே வந்துவிட்டார்.

"காட்டினீங்களா?" என்றார் கினுயோ.

"இருபது வருஷமா பாக்கறவர். அவர் மொகத்தைப் பாத்ததும் கை பைக்குள்ளயே நின்னுடுச்சு."

"அப்ப என்னதான் சொன்னீங்க?"

"தலை சுத்துதுன்னு சொன்னேன்."

கையிலிருந்த சீட்டைக் காட்டினார். தலைசுற்றலுக்குப் புதிதாக ஒரு மாத்திரை. கினுயோ பிடிக்கப்போன கையை விலக்கிவிட்டு, வாசல் படியில் இறங்க முதல் காலை வைத்தார்.