வெளியிட்டதும் காணாமற்போன வரி

1. ஸ்கந்தபுரத்தில் வயலுக்குக் கிருமிநாசினி அடித்துக்கொண்டிருந்த என் அண்ணா மயங்கி வரம்பில் விழுந்தார்.

2. ஆஸ்பத்திரியில் பிழைத்துக்கொண்டார். ஆனால் அங்குள்ள கணினியின் நோய்ப் பட்டியலில் கிருமிநாசினி நஞ்சுக்கு ஒரே வரிதான் இருந்தது: 'தற்கொலை எண்ணத்துடன் அருந்தியது.' தாதி அதையே தெரிவுசெய்தார்.

3. வேலையின்போது நஞ்சு உடலில் சேர்ந்ததற்கென ஒரு புதிய வரியை நான் பட்டியலில் எழுதினேன்.

4. நான் வெளியிடும் முன்பே அந்த வரி ஆஸ்பத்திரித் திரையில் தெரிந்தது.

5. வெளியிட்ட பிறகு காணாமற்போனது.

கடைசி இரண்டையும் மாற்றி எழுதிவிட்டேனோ என்று நானே பலமுறை பார்த்தேன். இல்லை, நடந்தது அப்படித்தான்.

ஆஸ்பத்திரிக் கணினிகளில் வரும் நோய்ப் பெயர்களையும் அவற்றின் குறியீடுகளையும் பராமரிப்பது என் வேலை. கிளிநொச்சியில் இருக்கும் எங்கள் அலுவலகத்தில் அதற்கு மூன்று சேவையகங்கள். முதலாவதில் எழுதுவோம். டொக்டர்மார் ஒப்புதல் தந்ததும் அது இரண்டாவதான சோதனைச் சேவையகத்துக்குப் போகும். அங்கே பிழை இல்லையென்று கண்டால் மூன்றாவதில் வெளியிடுவோம். ஆஸ்பத்திரிகள் மூன்றாவதிலிருந்துதான் பட்டியலை எடுக்கவேண்டும்.

அண்ணாவுக்கு இதெல்லாம் தேவையில்லை. "கிளினிக்குக்குப் போற நேரமெல்லாம் 'இப்ப மனசு எப்பிடி ஐயா' எண்டு கேக்கினம். எனக்கு இழுக்கிறது நெஞ்சு, மனசில்லை பிள்ளை" என்றார். அந்த வரி மாறும்வரை போகமாட்டேன் என்று நின்றுகொண்டார். இரவில் அவர் மூச்சு இழுப்பது அடுத்த அறைக்குக் கேட்கும் என்று அண்ணாவின் மனைவி, என் மச்சாள், சொன்னா.

வெளியிட்ட மறுநாள் மச்சாள் ஆஸ்பத்திரிக் கிளினிக்கிலிருந்து அழைத்தா.

"நீ போட்டிட்டன் எண்டு சொன்னதை நம்பித்தானே இந்த மனிசனை இழுத்துக்கொண்டு வந்தனான்! டொக்டர் தேடுறார், காணேல்லையாம். இவர் எழும்பி வெளியில போயிட்டார்."

"மச்சாள், எனக்கு இஞ்ச வடிவாத் தெரியுதே."

"உனக்குத் தெரிஞ்சு என்னத்துக்கு?"

மூன்றாவது சேவையகத்தைத் திறந்தேன், வரி இருந்தது. மூடித் திறந்தேன், அப்போதும் இருந்தது. எதைச் சந்தேகிப்பது என்று தெரியவில்லை. பழைய வரியையும் ஒருமுறை வாசித்தேன். அத்தனை உறுதியாக எழுதப்பட்டிருந்ததால், அண்ணாவையே ஒரு கணம் அப்படி நினைத்துப் பார்த்தேன். உடனே திரையை அணைத்துவிட்டேன்.

அடுத்த நாள் பஸ் ஏறி அந்த ஆஸ்பத்திரிக்கே போனேன். தாதி தன் கதிரையை எனக்குத் தந்தார். கணினி எந்தச் சேவையகத்தோடு பேசுகிறது என்று பார்த்தேன். சோதனைச் சேவையகத்தோடு.

"ரெயினிங் தந்த அண்டைக்கு உங்கட ஆக்கள் போட்டது, தங்கச்சி. பிறகு மாத்தச் சொல்லி ஒருத்தர் ஃபோன் எடுத்தவர்."

"ஏன் மிஸ் மாத்தேல்லை?"

"ஏன் மாத்துவான்? இந்த நெட்டில மற்றது திறக்கிறதுக்குள்ள வருத்தக்காரர் சுகமாகி வீட்டை போயிடுவினம். இது டக்கெண்டு வருது."

டக்கென்று வராமல் என்ன செய்யும்? எங்களைத் தவிர யாரும் அதைப் பயன்படுத்துவதில்லை. சோதனைக்குப் போன அன்றே என் வரியைத் தாதி தன் திரையில் கண்டதும் அதனால்தான். வெளியீடு முடிந்ததும் சோதனைச் சேவையகத்தைத் துடைத்து, அடுத்த வேலைக்காகப் பழைய அடிப்படைப் பட்டியலை ஏற்றுவது எங்கள் வழக்கம். மற்ற எல்லா ஆஸ்பத்திரிக்கும் வரி வந்து சேர்ந்த அதே நேரத்தில், அதற்குக் காரணமான ஆஸ்பத்திரியில் மட்டும் அது துடைபட்டுப்போனது.

முகவரியை மாற்றினேன். பட்டியல் மெதுவாக, மிக மெதுவாக வந்தது. வரியும் வந்தது. தாதி பெருமூச்சு விட்டது வரிக்கா வேகத்துக்கா என்று எனக்கு விளங்கவில்லை.

பட்டியல் மாறினாலும் பழைய பதிவு தானாக மாறாது. அண்ணாவைப் பார்த்துத்தான் டொக்டர் திருத்துவார். திருத்தினாலும் முதலில் எழுதியது அழியாது. அதன் மேல் 'திருத்தப்பட்டது' என்ற குறிப்போடு கிடக்கும். இதை அண்ணாவிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல், டொக்டர் திருத்துவார் என்ற பாதியைத்தான் சொன்னேன்.

"முதல்ல அது நாளைக்கும் நிக்குதோ எண்டு பார். பிறகு வாறன்" என்றார்.

இப்போதைய நிலை இது. புதிய வரி மூன்றாவது சேவையகத்தில் இருக்கிறது. அந்த ஆஸ்பத்திரி சரியான இடத்திலிருந்து பட்டியலை எடுக்கிறது. அண்ணாவின் பதிவில் பழைய வரி அப்படியே நிற்கிறது. அவர் இன்னும் கிளினிக்குக்குப் போகவில்லை.