பின்னால் வருகிற முகம்

அழகுபாண்டியிடம் போனில் பேசிய எல்லோருக்கும் ஒன்று தெரியும். அவன் 'ஹலோ' சொல்ல மாட்டான். "எங்க இருக்க?" என்றுதான் ஆரம்பிப்பான். சிம்மக்கல்லில் லாரி செட் வைத்திருக்கிறவன். சரக்கு ஏற்றிப் போன வண்டி எந்த டோல்கேட்டைத் தாண்டியது, டிரைவர் எந்தக் கடையில் டீ குடிக்கிறான் என்று காலையிலிருந்து கேட்டுக் கேட்டே பிழைப்பு நடத்துகிறவன். அந்தப் பழக்கத்தை வீட்டுக்கும் கொண்டுபோய்விட்டான் என்பதுதான் கோளாறு. மனைவி ரோகிணி மொட்டைமாடிக்குத் துணி காயப்போடப் போனாலும் கீழேயிருந்து போன் அடிப்பான்.

அவன் செட்டுக்கு எதிரில்தான் என் வெங்காய மண்டி. பள்ளிக்கூடத்திலிருந்து பழக்கம். அவன் நிம்மதியாக உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. சாப்பிடும்போதுகூட ஒரு கால் செருப்புக்குள் இருக்கும்.

இப்படிப்பட்டவனிடம்தான் எங்கள் கார் கிளப்பின் பொறுப்பு இருக்கிறது. கிளப் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை, கார் வைத்திருக்கிற சில வியாபாரிகளும் வாத்தியார்களும் ஒரு பல் டாக்டரும் குடும்பத்தோடு கிளம்பி, மலையோ கண்மாயோ கண்ணுக்குக் குளிர்ச்சியாக ஏதாவது இருக்கிற ஊருக்கு வரிசையாகப் போய், கட்டுச்சோறு சாப்பிட்டுவிட்டு வருவோம். ஆரம்பத்தில் ஆளுக்கொரு ஊரில் நின்றோம். டாக்டர் அலங்காநல்லூரில் நின்று எங்களைத் திட்டினார், நாங்கள் வேறெங்கோ நின்று அவரைத் திட்டினோம். அதற்குப் பிறகு அழகுபாண்டி ஒரு சட்டம் போட்டான். முன்னால் போகிறவனை யாரும் துரத்தக் கூடாது. தனக்குப் பின்னால் வருகிற வண்டிக்குத்தான் ஒவ்வொருவரும் பொறுப்பு. அது வராவிட்டால் நின்றுவிட வேண்டும். திருப்பம் வந்தால், பின்னால் வருகிறவர் முகம் கண்ணாடியில் தெரிகிற வரைக்கும் நகரக் கூடாது.

"வண்டியப் பாத்தாப் பத்தாது. வெள்ளைக் காரு ஊரு பூரா ஓடுது. மூஞ்சியப் பாக்கணும்" என்று ஒவ்வொரு தடவையும் கிளம்புவதற்கு முன் சொல்வான்.

நல்ல சட்டம்தான். அதன் பிறகு ஒரு வண்டிகூடத் தொலையவில்லை. ஆனால் போய் வந்த ஊரில் மலை எப்படி இருந்தது என்று அவனிடம் கேட்டால் முழிப்பான். அவன் பார்த்ததெல்லாம் கண்ணாடியைத்தான்.

இந்த ஐப்பசியில் ரோகிணிக்குத் தலைமை ஆசிரியையாகப் பதவி உயர்வு வந்தது. வந்த இடம் பேரையூருக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். பஸ் எப்போதோ ஒன்று. காரில் போய் வந்தால்தான் உண்டு. ரோகிணிக்குக் கார் ஓட்டத் தெரியும். லைசென்ஸ் வாங்கி இரண்டு வருடமாகிறது. ஆனால் பக்கத்து சீட்டில் அழகுபாண்டி இல்லாமல் அவள் தெருமுனையைத் தாண்டியதில்லை. அவள் ஓட்டும்போது இவன் தரையில் இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்து, அந்த இடத்து மிதியடியே நைந்துபோயிருந்தது.

"அம்புட்டுத் தூரம் தனியாப் போயிட்டு வர முடியாது. வேண்டாம்னு எழுதிக் குடுத்துரு" என்றான்.

திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும், இல்லையென்றால் வேண்டாம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். ரோகிணி சண்டை போடவில்லை. சனிக்கிழமை செட்டுக்கே வந்தாள். அப்போது நானும் அங்கே இருந்தேன்.

"நாளைக்கு உங்க கிளப் சாப்டூர் மலைக்குத்தானே போகுது? பேரையூர் வழியாத்தானே?"

"ஆமா."

"நான் என் வண்டியில தனியா வாரேன். நீங்க எனக்குப் போன் அடிக்கக் கூடாது. வரிசையை விட்டு வழி தவறிட்டேன்னா, திங்கக்கிழமை நானே எழுதிக் குடுத்துர்றேன். ஒழுங்கா வந்து சேந்துட்டா நான் வேலைக்குப் போறேன். அதுக்கப்புறம் நீங்க ஒரு வார்த்தை பேசக் கூடாது. அண்ணே, நீங்கதான் சாட்சி."

என்னை எதற்கு இழுக்கிறாள் என்று எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனாலும் தலையாட்டினேன். அழகுபாண்டியும் சரி என்றான். பதினெட்டு வருடமாகப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவள், தலைமை ஆசிரியை நாற்காலியில் உட்காருவதற்குப் புருஷனிடம் பரீட்சை எழுத வேண்டியிருக்கிறதே என்று மனசுக்குக் கஷ்டமாக இருந்தது.

மறுநாள் விடிந்ததும் எல்லோரும் செட்டு வாசலில் கூடினோம். அழகுபாண்டி ராத்திரி தூங்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. முதல் வண்டி அவனுடையது. அதில் நான் பக்கத்து சீட்டு. இரண்டாவது ரோகிணியின் வெள்ளைக் கார். மூன்றாவது அரிசிக்கடை வெள்ளைத்துரை. அதற்குப் பின்னால் மற்றவர்கள். வழக்கத்தில் இல்லாத ஒரு காரியத்தையும் அன்று செய்தான். ரோகிணியின் வண்டி தூரத்திலிருந்தே அடையாளம் தெரிய வேண்டும் என்று அவள் வண்டியின் பக்கக் கண்ணாடியில் மஞ்சள் துணி ஒன்றைக் கட்டினான். அவளுக்கு மட்டும் கட்டினால் கோபித்துக்கொள்வாள் என்று எல்லா வண்டிக்கும் கட்டினான்.

மஞ்சள் துணியைக் கையில் எடுத்தவன் காலண்டரைப் பார்க்கவில்லை. நானும்தான் பார்க்கவில்லை. அன்று நல்ல முகூர்த்த நாள்.

திருமங்கலம் வரைக்கும் ஒரு தொந்தரவும் இல்லை. ரோகிணி பாந்தமாக ஓட்டி வந்தாள். அழகுபாண்டிதான் கண்ணாடியைப் பார்ப்பதும் ஸ்டியரிங்கில் தாளம் போடுவதும், "கிட்ட வாரா பாரு", "இப்ப தள்ளிப் போயிட்டா பாரு" என்று புலம்புவதுமாக வந்தான். மழை பெய்து ஓய்ந்திருந்தது. ரோட்டுக்கு இரண்டு பக்கமும் மக்காச்சோளம் பச்சையாக நின்றது. மேற்கே மலை மேல் மேகம் படுத்திருந்தது.

"மாப்ள, மலையப் பாருடா."

"நீ பாத்துச் சொல்லு" என்றான், கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

கல்லுப்பட்டியில் பேரையூருக்குத் திரும்புகிற விலக்கு வந்தது. நாங்கள் திரும்பி, சட்டப்படி ஓரமாக நின்றோம். அந்த நேரம் பார்த்து ஒரு தாய்மாமன் சீர் வந்தது. எங்கள் பக்கம் காதுகுத்துக்குத் தாய்மாமன் வெறுங்கையோடு போவதில்லை. முன்னால் ஒரு வேனில் மேளம், அடுத்த வேனில் கிடா, பிறகு சொந்தபந்தங்களின் கார்கள். எல்லாக் கார் கண்ணாடியிலும் மஞ்சள் துணி. வேன்கள் இரண்டும் எங்களை முந்திப் போக, பின்னாலேயே ஒரு வெள்ளைக் கார் வந்து எங்கள் முதுகை ஒட்டினாற்போல நின்று ஹாரன் அடித்தது. அதன் முன்கண்ணாடியில் பூமாலை தொங்கியதும் வெயில் அடித்ததும் சேர்ந்து உள்ளே இருக்கிற முகம் தெரியவில்லை.

"வந்துட்டா" என்று கியரைப் போட்டான்.

"மூஞ்சி தெரியலையே மாப்ள."

"மஞ்சத் துணி தெரியுதுல்ல?"

சட்டம் போட்டவனே அதைத் தூக்கி ரோட்டோரம் போட்டுவிட்டுக் கிளம்பினான். கொஞ்ச தூரம் போனதும் அந்த வெள்ளைக் கார் எங்களை முந்தியது. ஓட்டியவருக்குப் பெரிய மீசை. அதற்குப் பின்னால் வந்த வண்டிகளும் ஒவ்வொன்றாக முந்திக்கொண்டு போயின. அவை போன வேகத்தில் எதிலும் ரோகிணியின் முகம் தெரியவில்லை. நின்று பார்த்தோம். ரோடு காலியாகக் கிடந்தது.

அழகுபாண்டிக்கு வியர்த்துவிட்டது. வாக்குக் கொடுத்ததை மறந்து போன் அடித்தான். மணி அடித்துக்கொண்டே இருந்தது, அவள் எடுக்கவில்லை. நான் வெள்ளைத்துரைக்கு அடித்தேன். அவரும் எடுக்கவில்லை.

"விலக்குக்கே திரும்பிப் போவோம்" என்றேன்.

"அங்க எதுக்கு? மஞ்சத் துணியப் பாத்துட்டு அந்தச் சீரு வண்டிக பின்னாடியே போயிருப்பா. நமக்கு முன்னாடி போயிட்டா மாப்ள. நான்தான் படிச்சுப் படிச்சுச் சொன்னேன்ல, அவளால முடியாதுன்னு."

அவன் பதறினான், அது உண்மை. ஆனால் அந்தப் பதற்றத்துக்கு நடுவில், தான் சொன்னது பலித்துவிட்டது என்கிற நிம்மதி ஒன்றும் எட்டிப் பார்த்தது. அதைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சொந்தப் பெண்டாட்டி வழி தவற வேண்டும் என்று உள்ளுக்குள் காத்திருந்தானா இவன்?

விரட்டிப் போய்ப் பிடித்தான். சீர் வண்டிகள் பேரையூருக்கு முன்பே ஒரு சின்ன ரோட்டில் திரும்பின. இவனும் திரும்பினான். ஊருக்குள் நுழைந்ததும் வேட்டுச் சத்தம் காதைப் பிளந்தது. முன்னால் ஆட்டக்காரர்கள், பின்னால் இன்னொரு வேன். நடுவில் எங்கள் கார். முன்னேயும் போக முடியாது, பின்னேயும் வர முடியாது. அழகுபாண்டி இறங்கி ஒவ்வொரு வெள்ளைக் காராக எட்டிப் பார்த்துக்கொண்டு ஓடினான். நான் இறங்கியதுதான் தாமதம், ஒரு அம்மா என் கையில் வாழைப்பழத் தட்டைத் திணித்து, "சும்மா நிக்கிறீகளே, வரிசையில வாங்க" என்றார். தட்டும் கையுமாக நானும் பந்தல் வரைக்கும் சீர் சுமந்தேன்.

மாலை போட்டிருந்த பெரிய மீசைக்காரர்தான் தாய்மாமன். பேர் மொக்கையன். அழகுபாண்டியைக் கையோடு பிடித்துக்கொண்டார்.

"யாரத் தேடுறீக?"

"எம் பொண்டாட்டிய."

"பொம்பளையாளுக பந்தியில இருப்பாக. எங்க போயிறப் போறாக? நீங்க மொதல்ல கை நனைங்க. எந்தூரு பங்காளி நீங்க?"

அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. பெண்கள் பந்தியின் ஓரத்தில் போய் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். அவர்கள் இவனை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். அப்போது என் போன் அடித்தது. வெள்ளைத்துரையின் நம்பர். பேசியது ரோகிணி.

"அண்ணே, எங்க இருக்கீங்க?"

நான் போனை அவனிடம் நீட்டினேன். சத்தத்தில் கேட்காது என்று ஸ்பீக்கரைப் போட்டான்.

"நீ எங்க இருக்க? எங்க போய்த் தொலைஞ்ச?"

"விலக்குக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம்தான் நிக்கிறேன். போன் அடிக்கக் கூடாதுன்னு பேச்சு, அதான் எடுக்கலை. வெள்ளைத்துரை அண்ணன் வண்டி பஞ்சராயிருச்சு. பின்னாடி வண்டி வரலைன்னா நிக்கணும்ல? நின்னேன். எல்லாருமே எம் பின்னாடிதான் நிக்கிறாங்க. இப்பதான் டயர் மாட்டி முடிஞ்சுது. நீங்க எங்க இருக்கீங்க?"

"ஒரு காதுகுத்துல."

"யாரு வீட்டுக் காதுகுத்து?"

"தெரியலை."

சிரித்துவிடுவாள் என்று நினைத்தேன். அவள் சிரிக்கவில்லை.

"நான் அந்தச் சீரு வண்டிக பின்னாடி போயிருப்பேன்னு நெனச்சீங்களா?" என்று கேட்டாள்.

அவன் பெண்கள் பந்தியை விட்டுத் தள்ளி வந்து நின்றான்.

"சரி, அங்கேயே நில்லுங்க. எங்கேயும் நகராதீங்க. நான் வந்து கூட்டிட்டுப் போறேன்."

வந்தாள். மொக்கையனிடம் போனிலேயே வழி கேட்டு, மொத்த வரிசையையும் கூட்டிக்கொண்டு, ஊர் முகப்பில் வண்டியை நிறுத்தி, பின்னால் ஒவ்வொரு முகமாக வந்து சேருகிற வரைக்கும் பார்த்திருந்துவிட்டுத்தான் இறங்கினாள். மொக்கையன் எங்கள் அத்தனை பேரையும் உட்கார வைத்துக் கறிச்சோறு போடாமல் விடவில்லை. கட்டுச்சோறு கட்டியபடியே கிடந்தது. கிளம்பும்போது அழகுபாண்டி வழக்கம்போல முதல் வண்டிக்குப் போனான். வெள்ளைத்துரைதான் சொன்னார், "அண்ணே, நீங்க கடைசியா வாங்க. டீச்சர் முன்னாடி போகட்டும்."

சாப்டூர் வரைக்கும் கடைசி வண்டியாகப் போனோம். எங்களுக்குப் பின்னால் யாருமில்லை. அப்படியும் பழக்கத்தில் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டேதான் வந்தான். அதில் வெறும் ரோடு தெரிந்தது. மலைக்குப் பக்கத்தில் போய்விட்டோம் என்பதை நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

திங்கட்கிழமை காலை மண்டியைத் திறந்துகொண்டிருந்தேன். அழகுபாண்டி காரோடு வந்து நின்றான்.

"மாப்ள, பேரையூர்ப் பக்கம் ஒரு பார்ட்டியப் பாக்கணும். ஏறு."

எந்தப் பார்ட்டி என்று எனக்குத் தெரியாதா? திட்டிக்கொண்டேதான் ஏறினேன். திருமங்கலம் தாண்டியதும் தூரத்தில் அந்த வெள்ளைக் கார் தெரிந்தது. நேற்றுக் கட்டிய மஞ்சள் துணியை அவள் அவிழ்த்திருந்தாள். இவன் ஒரு பஸ்ஸுக்குப் பின்னால் ஒளிந்து ஒளிந்து போனான்.

கல்லுப்பட்டி விலக்கில் அவள் கார் இண்டிகேட்டர் போட்டபடி ஓரமாக நின்றது. பஸ் போய்விட்டது. எதிரே வண்டி எதுவும் இல்லை. அவள் திரும்பவில்லை. இவனும் தூரத்தில் ஒரு புளியமரத்தடியில் நிறுத்திவிட்டுக் காத்திருந்தான்.

"வண்டியில ஏதும் கோளாறா? ஏன் போக மாட்டேங்குறா? மொத நாளே லேட்டாயிருவாளேடா!"

"பின்னாடி வாரவன் மூஞ்சி தெரியுற வரைக்கும் நகரக் கூடாதுன்னு எவனோ சட்டம் போட்டுருக்கான்" என்றேன்.

அவன் என்னை முறைத்தான். பிறகு அவனுடைய முகம் தொங்கிப்போனது. வண்டியை எடுத்து மெதுவாக உருட்டிக்கொண்டு போய், அவள் காருக்குப் பின்னால் நேராக நிறுத்தினான். அவளுடைய பக்கக் கண்ணாடியில் இரண்டு கண்கள் தெரிந்தன. அவை அவனை நன்றாகப் பார்த்தன. ஜன்னலுக்கு வெளியே ஒரு கை நீண்டு, போய் வருகிறேன் என்பதுபோல அசைந்தது. கார் பேரையூர் ரோட்டில் திரும்பிப் போனது.

அழகுபாண்டி பின்தொடரவில்லை. அந்த வெள்ளைக் கார் ஒரு புள்ளியாகி மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து என் மடியில் வைத்தான்.

"லாரி விஷயத்துக்குச் செட்டுல வேற போன் இருக்கு மாப்ள. சாயங்காலம் அவ வீடு வந்து சேருற வரைக்கும் இது உன்கிட்டயே இருக்கட்டும். நான் கேட்டாலும் குடுக்காத" என்றான்.