ஜூலியின் காதோரம்

ஜூலியின் காது நுனியில் முடி கொட்டியிருந்ததை முதலில் பார்த்தது நான் அல்ல, என் நாத்தனார் கஸ்தூரி. அதுவே எனக்குப் பொறுக்கவில்லை. தெருவில் கிடந்த நாய்க்குட்டியைத் தூக்கி வந்து மூன்று வருடமாகச் சோறு வைப்பவள் நான். கஸ்தூரி புருஷனோடு ஒத்துவராமல் எங்கள் வீட்டுக்கு வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை.

நாங்கள் இருவரும் விருத்தாசலத்தில் ஒரே பீங்கான் பட்டறையில் பொம்மை வார்க்கிறோம். அச்சு செய்யும் பிளாஸ்டர் பவுடர் மேலே பட்டால் தோல் வறண்டு அரிக்கும். எங்கள் பின்னாலேயே வரும் ஜூலி அந்த மூட்டையருகில்தான் படுப்பாள். அவள் சொறிவதும் பவுடர் அரிப்புதான் என்று நானே முடிவுகட்டினேன். என் கைவெடிப்பு எரியாமலிருக்க ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு தினமும் அவளைக் குளிப்பாட்டினேன். இரண்டு வாரம் வீணாயிற்று. முழங்காலிலும் வயிற்றிலும் முடி உதிர்ந்து தோல் தடித்துவிட்டது.

கஸ்தூரி காதோரத்தைத் தேய்த்தால் ஜூலியின் பின்னங்கால் தானாக உதறும்.

"அண்ணி, பாருங்க, எவ்ளோ குஷியா இருக்குது!"

எனக்கு வயிறு எரியும். நானும் தேய்த்துப் பார்க்கலாம்தான். கால் உதறாவிட்டால் என்ன செய்வது என்று பயந்தேன்.

நாங்கள் இருவரும் அவளைக் கொண்டுபோன கால்நடை மருத்துவமனையில் டாக்டரம்மாவும் முதலில் காதோரத்தைத்தான் தேய்த்தார். கால் உதறியது.

"இது குஷி இல்லைங்க, தாங்க முடியாத அரிப்பு" என்றார்.

பிறகு தோல் சுரண்டல் (தோலை லேசாகச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்க்கும் சோதனை) செய்தார். சொறிப்பூச்சி நோய் (கண்ணுக்குத் தெரியாத பூச்சி தோலுக்குள் வளை தோண்டி முட்டையிடுவது) என்று தெரிந்தது.

"வூட்டுல யாருக்காவது அரிப்பு இருக்குதா? மடியில வச்சிக் கொஞ்சுறவங்களுக்கும் தொத்தும்."

கஸ்தூரி சுடிதார்க் கையை மேலே ஏற்றினாள். முழங்கை வரை சிவப்புத் தடிப்பு. "பவுடருன்னு நெனச்சிட்டேன் டாக்டர். வயித்துலயும் இருக்குது. மத்தியானம் என் மடியிலதான் தூங்குவா."

"உங்களுக்கு?" என்று டாக்டரம்மா என்னைக் கேட்டார்.

கையுறை போட்டே அவளைத் தொட்ட என் கைகளில், வெடிப்பைத் தவிர ஒரு புள்ளிகூட இல்லை. "இல்லைங்க" என்று சொல்ல வெட்கமாக இருந்தது. சொறி வரவில்லையே என்று பொறாமைப்பட்டவள் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஜூலிக்கு மாத்திரை எழுதினார். கஸ்தூரியைத் தோல் மருத்துவரிடம் அனுப்பினார். படுக்கைத் துணியை வெந்நீரில் அலசி வெயிலில் போட வேண்டும், குணமாகும்வரை யாரும் மடியில் வைக்கக் கூடாது என்றார். அந்தக் கடைசி வார்த்தை மட்டும் எனக்கு இனித்தது. ஆனால் தோட்டத்தில் கட்டிப்போட்ட ஜூலி, மருந்து கொடுக்கும் என்னைவிட்டு, எட்ட உட்கார்ந்து பேசும் கஸ்தூரியைப் பார்த்தே முனகினாள்.

உங்கள் நாய் சொறிந்தால் என்னைப்போல நீங்களே வைத்தியராகாதீர்கள். சிலர் சொல்வதைக் கேட்டு வண்டியின் கழிவு ஆயிலையும் பூசாதீர்கள். ஒரு சுரண்டலில் பூச்சி தென்படாவிட்டால் நோய் இல்லையென்றும் நினைத்துவிடாதீர்கள்.

ஜூலிக்கு வைத்தியம் நடந்த மாதங்களில் நாட்காட்டியை நான் பார்க்கவில்லை. ஜூலியின் காதில் முளைத்த முடிதான் எனக்கு நாள்கணக்கு. சொறித் தடிப்பில்லாத என் கைகளைப் பார்த்தால் யாருடைய கைகளோபோல இருந்தது.

குணமாகிவிட்டது என்று டாக்டரம்மா சொன்ன அன்று, ஜூலி நேராகப் போய்க் கஸ்தூரி மடியில் படுத்தாள்.

"அண்ணி, வாங்க, நீங்களும் தொடுங்க" என்று கஸ்தூரி நகர்ந்து இடம் விட்டாள்.

கையுறை இல்லாமல் காதோரத்தைத் தேய்த்தேன். கால் அசையவேயில்லை. நோய் போனதற்கு அதுதான் அடையாளம் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் எனக்காக ஒரு தடவை உதறியிருக்கலாம்.