மாமாவிடம் கேட்காமல் விட்ட கேள்வி

மூன்று வருடங்களுக்கு முன், மொன்றியலில் பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு மாசி மாதத்தில் நடந்தது இது. என் கணவரின் தகப்பனார் அங்கே வில்லரே பகுதியில் எங்களோடுதான் இருக்கிறார். எழுபத்திரண்டு வயது. பிரஷர் பார்க்க அவரைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போவது என் வேலை. எனக்குப் பிரெஞ்சு நன்றாக வரும், அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. டெலிபோனில் ஒரு மொழிபெயர்ப்பாளரைப் பிடித்துத் தரட்டுமா என்று டொக்டர் கேட்டபோது, நான் இருக்கும்போது அது எதற்கு என்று சொல்லிவிட்டேன்.

பிரஷர் பார்த்து முடிந்ததும் அந்தப் பெண் டொக்டர் வேறு கேள்விகளைத் தொடங்கினார். சலம், அதுதான் சிறுநீர், தடையில்லாமல் போகிறதா, முக்க வேண்டியிருக்கிறதா, இரவில் எத்தனை தரம் எழும்புகிறார்? எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. மாமனாரிடம் ஒரு மருமகள் இதை எந்த வாயால் கேட்பாள்? அவர் பக்கம் திரும்பாமலே, ஒரு பிரச்சினையும் இல்லை என்று பிரெஞ்சில் நானே பதில் சொன்னேன்.

"என்னவாம் பிள்ளை?" என்றார் மாமா.

"சாப்பாடு, நித்திரை எல்லாம் சரியோ எண்டு கேக்கிறா, மாமா."

அவர் என்னை ஒரு முறை பார்த்தார். "ஓம், சரி எண்டு சொல்லு" என்றார்.

இத்தனைக்கும் அவர் இரவில் நாலைந்து தரம் எழும்புவது எனக்குத் தெரியும். குளியலறை எங்கள் அறைக்குப் பக்கத்தில்தான். தெரிந்துகொண்டுதான் மறைத்தேன்.

அடுத்த கிழமை அவருக்கு மூக்கடைப்போடு தடிமன் பிடித்தது. நானே பார்மசியில் குளிசை வாங்கிக் கொடுத்தேன். மறுநாள் மத்தியானம் பார்த்தால், அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு கட்டில் விளிம்பில் இருக்கிறார், உடம்பெல்லாம் வியர்வை. "பிள்ளை, காலமை தொடங்கிச் சலம் போகேல்லை" என்றார். அதைச் சொல்லும்போதும் நிலத்தைத்தான் பார்த்தார்.

எமர்ஜென்சியில் குழாய் போட்டார்கள். பை நிறைந்து, இன்னொரு பை மாற்றினார்கள். புரஸ்டேட் சுரப்பி பெருத்து, சலம் போகும் வழியை மாதக்கணக்காக நெரித்திருக்கிறதாம். சலம் பின்னுக்குத் தேங்கி இரண்டு சிறுநீரகங்களும் வீங்கியிருந்தன. மிச்சம் இருந்த வழியையும் அடைத்தது அந்தத் தடிமன் குளிசை. முதலே தெரிந்திருந்தால் மருந்தோடேயே பார்த்திருக்கலாம், அந்தக் குளிசையையும் தவிர்த்திருக்கலாம் என்று அங்கிருந்த டொக்டர் சொன்னார்.

வேலையிலிருந்து ஓடிவந்த என் கணவர், "அப்பா, போன கிழமை டொக்டர் இதைப்பற்றி ஒண்டும் கேக்கேல்லையோ?" என்றார்.

"கேட்டவ. நான்தான் ஒண்டுமில்லை எண்டு சொல்லச் சொன்னனான். பிள்ளையில பிழையில்லை" என்றார் மாமா.

அப்படியென்றால் டொக்டர் கேட்டது என்னவென்று என் முகத்தைப் பார்த்தே அவருக்கு அன்றைக்கே விளங்கியிருக்கிறது. எனக்கு வெட்கமாக இருக்கும் என்றுதான் பேசாமல் இருந்திருக்கிறார். "உங்களுக்கென்ன விசரே அப்பா?" என்று மகன் ஏச, குழாயோடு படுத்திருந்து வாங்கிக் கட்டிக்கொண்டார். நான் வாயே திறக்கவில்லை. நான்தான் மறைத்தேன் என்று ஒரு வசனம் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

ஆறு கிழமை குழாயோடு நடந்தார். பிறகு, வயிற்றை வெட்டாமல் சலம் போகும் வழியாலேயே கருவியை விட்டு, அடைத்துக்கொண்டிருந்த சதையைச் சுரண்டி எடுத்தார்கள். சில நாள் இரத்தம் கலந்து போனது, பிறகு தெளிந்தது. இப்போது சலம் நன்றாகப் போகிறது. சிறுநீரகங்கள்தான் பழையபடி தேறவில்லை. கறிக்கு உப்பைக் குறைத்துவிட்டோம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரத்தப் பரிசோதனை.

இப்போதெல்லாம் டொக்டர் கேட்பதை ஒன்று விடாமல் மாமாவிடம் கேட்கிறேன். அவரும் கூச்சப்படாமல் பதில் சொல்கிறார். ஆனால் என் கணவருக்கு இன்றுவரை உண்மையைச் சொல்லவில்லை. சொன்னால் மாமாவைப் பொய்யர் ஆக்கியதாகிவிடும் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொள்கிறேன். அது சும்மா கதை. அவருடைய சிறுநீரகங்களைக் கெடுத்த அந்த வெட்கம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை, அவ்வளவுதான்.