வைரம் என்று நான் சொன்ன கோடு

மலையில் ஏலத்தோட்டத்துக்கு நிழல் தந்த பழைய பலா மரம் ஒன்று சாய்ந்தது. இரண்டு கிளைகள் பிரியும் அதன் கவட்டைக் கட்டை, ஏலக்காய் லோடோடு அடிவாரத்துப் போடியில் இருக்கும் என் மகனின் கடைசல் பட்டறைக்கு வந்து சேர்ந்தது. நடுவில் ஒரு கறுத்த கோடு. எந்திரத்தில் எந்தப் பக்கமாக மாட்டிக் கிண்ணம் கடைவது என்று நாலு நாளாகப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான். எனக்குப் பொறுக்கவில்லை.

"பொண்ணு பாக்கப் போனப்பகூட இம்புட்டு நேரம் பாக்கலையேடா! கோடு நடுவுல வந்தாத்தான் அழகு. வெரசாக் கடை."

"அது உள்ள சிக்குன மரப்பட்டையா இருந்தா பிளந்துரும்ப்பா. கோட்டோட அறுத்துட்டு, சின்னதா ரெண்டு கிண்ணம் கடையலாம்னு..."

"வைரம் பாஞ்சதுகூடத் தெரியலையா? நீயெல்லாம் ஒரு கடைசல்காரன்!"

நான் சொன்னபடியே மாட்டினான். மோட்டார் வேகமெடுத்ததும் கட்டை இரண்டாகப் பிளந்தது. ஒரு பாதி அவன் காதைக் கிழித்துக்கொண்டு போய்ச் சுவரில் மோதியது. உள்ளே இருந்தது வைரமில்லை; கிளைகளுக்கு நடுவே சிக்கி மக்கிப்போன பட்டை.

காதில் ரத்தம் வழிய அவன் என்னைத்தான் பார்த்தான். "உங்களுக்கு ஒண்ணும் படலையேப்பா?"

அவனுடைய யோசனையை நாலு நாளும் சோம்பல் என்றே நினைத்திருந்தேன். மன்னிப்புக் கேட்கத்தான் இப்போது தினமும் பட்டறைக்குப் போகிறேன். "சாப்பிட வா அப்பு" என்பதற்கு மேல் வாய் வருவதில்லை.