லுசேர்ன் வரை வந்த சலவை அறைச் சாவி

ரூடியை நான் மணந்து முப்பத்தாறு வருடங்கள் ஆகின்றன. அவற்றில் முப்பத்தைந்தே முக்கால் வருடம் அவன் பகலில் வீட்டில் இருந்ததே இல்லை. எங்கள் ஊரான ஓல்டனைச் சுற்றி எங்கெல்லாம் ஜன்னல் உண்டோ அங்கெல்லாம் போய் வெயில் மறைப்புப் பலகைகளை மாட்டிக்கொண்டிருந்தான். மார்ச்சில் ஓய்வு பெற்றான். அன்றிலிருந்து என் உயிரை வாங்குகிறான்.

கெட்டவன் என்று சொல்ல முடியாது. குடி இல்லை, கத்தல் இல்லை. பழைய செய்தித்தாள்களை மூலை பிசகாமல் அடுக்கிக் கயிறு கட்டுவான். நான் கட்டி வைத்திருந்தால் அதை அவிழ்த்து மறுபடி கட்டுவான். மதியச் சாப்பாடு பன்னிரண்டுக்கு. பன்னிரண்டு ஐந்துக்குத் தட்டைக் கொண்டுவந்தால் வாயைத் திறக்க மாட்டான், கடிகாரத்தைப் பார்ப்பான். திட்டித் தொலைத்தாலாவது திருப்பித் திட்டலாம்.

இன்னும் இருபது வருடம் இப்படியேதானா என்று ஜூன் மாதம் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அவனுடைய கயிறும் கடிகாரமும் இல்லாத ஓர் ஊரில் மூன்று நாள் இருந்து பார்ப்போம், அங்கே ஒருவரை ஒருவர் பொறுத்துக்கொண்டால் வீட்டிலும் பொறுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். லுசேர்னில், ஏரியைப் பார்த்த அறை ஒன்றைப் பிடித்தேன். செவ்வாய் முதல் வியாழன் வரை.

செவ்வாய்க்கிழமை முழுக்க ரூடி ஜன்னல்களைப் பார்த்தான்.

"அந்த மூணாவது மாடியைப் பாரு, மார்க்ரித். பலகை கோணலா நிக்குது. எவனோ அவசரத்துல மாட்டிட்டுப் போயிருக்கான்."

"ரூடி, ஏரியைப் பாரு."

"பார்த்தாச்சு."

"எப்போ பார்த்த?"

"ஸ்டேஷனை விட்டு வெளிய வந்ததுமே."

மரப்பாலத்தில் எல்லோரும் அண்ணாந்து கூரை ஓவியங்களைப் பார்த்தார்கள். இவன் குனிந்து பலகை இணைப்பைத் தட்டிப் பார்த்தான். ஏரிக்கரைக் கடையில் உட்காரலாம் என்றால் பையிலிருந்து வீட்டு ரொட்டியையும் செர்வெலாத் தொத்திறைச்சியையும் எடுத்தான். மாலையில் நான் பால்கனியில் இரண்டு கோப்பை ஒயினோடு காத்திருந்தேன். அவன் உள்ளே அறையின் ஜன்னல் மறைப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான். அது கிரீச்சிட்டதாம். திருப்புளியை ஊரிலிருந்தே கொண்டுவந்திருக்கிறான். அரை மணி நேரம். தலையில் அடித்துக்கொண்டு இரண்டு கோப்பையையும் நானே குடித்தேன்.

புதன்கிழமைதான் நான் மலை போல நம்பியிருந்த நாள். நீராவிக் கப்பலில் ஏரிக்கரை ஊரான வெகிஸுக்குப் போவது, ஏரியில் நீந்துவது, புல்லில் படுத்துக்கிடப்பது. காலை உணவு மேசையில் ரூடி தன் முட்டைக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் ஒரு சாவியை வைத்தான். மரக்கட்டை கோத்த சாவி. எங்கள் கட்டடத்துச் சலவை அறைச் சாவி.

எங்கள் கட்டடத்தில் ஒன்பது வீடுகளுக்கும் சேர்த்து அடித்தளத்தில் ஒரே சலவை அறை. ஒவ்வொரு வீட்டுக்கும் துவைக்க ஒரு நாள், காயவைக்க மறுநாள். முறை முடிந்ததும் சாவியை அடுத்த வீட்டுக் கதவில் மாட்டிவிட வேண்டும். இதில் தவறியவர்களோடு மாடிப்படியில் யாரும் பேச மாட்டார்கள். இங்கே குடிவந்த இருபத்திரண்டு வருடத்தில் ரூடி ஒருமுறைகூடத் தவறியதில்லை. திங்கள் எங்கள் முறை, செவ்வாய் துணி காய்வதற்கு, புதன் இரண்டாம் மாடி ஃபாபியெனுக்கு.

"இது எப்படி இங்க வந்துது?"

"சட்டைப் பையிலயே இருந்துடுச்சு." முட்டை ஓட்டைத் தட்டிக்கொண்டே சொன்னான். "அவளுக்கு ரெண்டும் சின்னப் பிள்ளைங்க. பாவம், கூடையோட நிப்பா. போய்க் குடுத்துட்டு வந்துடறேன்."

"போய்ட்டு வர ரெண்டு மணி நேரம் ஆகுமா?"

"போறது போறேன், மெஷின் வடிகட்டியையும் கழுவிடலாம். சாயந்திரம் ஆயிடும்."

ஒரு தொலைபேசி அழைப்பில் முடிகிற விஷயம் இது. கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் கெர்டாவிடம் இன்னொரு சாவி இருக்கிறது. எனக்கு நன்றாகத் தெரியும். இரண்டு வருடம் முன்பு நான் சாவியை உருளைக்கிழங்குக் கூடையில் தொலைத்தபோது ரூடிக்குத் தெரியாமல் அதைத்தான் வாங்கிச் சமாளித்தேன். அதைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

"சரி, போய்ட்டு வா" என்றேன். ரொம்ப வேகமாகச் சொல்லிவிட்டேனோ என்று, "அடடா, கப்பல் போச்சே" என்றும் சேர்த்துக்கொண்டேன்.

அந்த நாளைப் போல ஒரு நாள் எனக்குக் கிடைத்ததில்லை. இரண்டு தடவை நீந்தினேன். மூன்று மணிக்குத்தான் சாப்பிட்டேன், அதுவும் ஈரத் தலையோடு. யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. திரும்பி வரும் கப்பலில் மேல்தளத்தில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தபோது ஃபாபியெனிடமிருந்து செய்தி வந்தது: "கெர்டா காலை ஏழு மணிக்கே திறந்துவிட்டார். நேற்று இரவே அவரிடம் ரூடி சொல்லி வைத்தாராமே, நன்றி. லுசேர்னை நன்றாக அனுபவியுங்கள்."

நேற்று இரவே. எனக்கு உச்சி வரை எரிந்தது. என்னிடமிருந்து ஒரு நாள் தப்பிக்க இத்தனை நாடகமா என்று கரை வரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

படகுத்துறையில் நின்றிருந்தான். கையில் டப்பா, அதற்குள் எங்கள் வீட்டுப் பால்கனித் தக்காளி.

"கெர்டா கிட்ட இன்னொரு சாவி இருக்குன்னு உனக்குத் தெரியும்" என்றேன்.

"அதைச் செய்யக் குடுத்ததே நான்தான்."

"அப்போ காலைல சொன்னது பச்சைப் பொய்."

"பொய்தான்." டப்பாவை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினான். "ஆனா நீ ரெண்டு வருஷம் முன்னாடி அதை வாங்கிட்டுப் போனதை கெர்டா அன்னைக்கே சொல்லிட்டா. சாவியை மேசையில வெச்சுட்டு நீ சொல்றியான்னு பார்த்தேன். சொல்லியிருந்தா போயிருக்க மாட்டேன்."

என் குட்டும் உடைந்துவிட்டது. ஆனாலும் கோபத்தை விட்டுவிட மனமில்லை.

"நாள் பூரா வீட்டுல என்ன பண்ணின?"

"பன்னெண்டு மணிக்குச் சாப்பிட்டேன். அப்புறம் சமையலறையிலயே உட்கார்ந்திருந்தேன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். நல்லா இருந்துது."

"என்கூட ஒரு நாள் இருக்கறது அவ்வளவு கஷ்டமா இருக்கா உனக்கு?"

"உனக்கு?" என்றான். குத்தலாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். என் தலைமுடி இன்னும் ஈரமாக இருந்தது. அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

டப்பாவைத் திறந்து ஒரு தக்காளியை எடுத்துக் கடித்தேன். அவனும் ஒன்றை எடுத்தான். கிழவன் இவ்வளவு தந்திரக்காரன் என்று முப்பத்தாறு வருடம் எனக்குத் தெரியாமல் போனதே என்றுதான் எரிச்சலாக இருந்தது.

"அடுத்த தடவை சாவியெல்லாம் தூக்கிட்டு வராத. போறேன்னு சொல்லிட்டுப் போ."

"சொன்னா போன்னு விடுவியா?"

"விடுவேன். நானும் சொல்லிட்டுப் போவேன்."

வியாழக்கிழமை இருவரும் கப்பலில் ஏறினோம். ஐந்து நிமிடம் என் பக்கத்தில் உட்கார்ந்தான். ஏரியைப் பார்த்தான், கரையிலிருந்த ஜன்னல்களைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான்.

"கீழ போய் இஞ்சினைப் பார்க்கப் போறேன்" என்றான்.

"போ" என்றேன்.